பெரிய வெள்ளி நாணயத்துக்கு இரண்டாவது ஆள் கிடைப்பாரா?

நாம் வாங்கியதைப் பிறகு நம்மிடமிருந்து வாங்க இரண்டாவது ஆள் வருவாரா என்பதுதான் நண்பர் ஒருவர் கேட்டதன் சாரம். 2011-இல் அமெரிக்க மின்ட்டிடமிருந்து (அரசின் நாணயச்சாலை) நேராக, 2010-ஆம் ஆண்டு பொறித்த 5 அவுன்ஸ் 'அமெரிக்கா தி ப்யூட்டிஃபுல்' வெள்ளி நாணயங்கள் ஐந்தையும் வாங்கியிருக்கிறார். அடுத்த வருடம் இன்னும் இரண்டு. ஆஸ்திரேலியாவின் பெர்த் மின்ட் அடிக்கும், குக்கபரா பறவை பொறித்த ஒரு கிலோ வெள்ளி நாணயம் ஒன்றும் வைத்திருக்கிறார். இப்போது "உலகம் முழுக்க 500 மட்டுமே" என்று ஒரு கிலோ நாணயத்துக்கு மின்னஞ்சலில் விளம்பரம் மேல் விளம்பரமாக வருகிறதாம். இந்த மாதிரி தட்டு அளவு லிமிடெட் எடிஷன் நாணயங்களின் மதிப்பு நிற்குமா, இருப்பதை விற்றுவிடலாமா, புதியதை வாங்கலாமா என்று கேட்டிருந்தார்.

உள்ளே இருக்கும் வெள்ளியின் மதிப்பு எங்கும் போகாது. அதற்கு மேல் 'லிமிடெட்' என்ற ஒரு சொல்லுக்காகக் கொடுத்த பணம் பெரும்பாலும் திரும்ப வராது. நமக்குப் புரியும்படி சொன்னால், அது நகைக்கடைச் செய்கூலி, சேதாரம் மாதிரி. வாங்கும்போது கொடுக்கிறோம், விற்கப் போனால் அந்தக் கணக்கை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. சில நாணயங்களில் மட்டும் செய்கூலியும் திரும்பி வருகிறது, இரட்டிப்பாகக்கூட வருகிறது. எதில் வரும், எதில் வராது என்பதுதான் கேள்வி. நண்பரே, உங்களிடம் இருப்பவற்றிலேயே இரண்டு வகையும் இருக்க வாய்ப்பிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என் கதை. 2014 வசந்தத்தில், நியூ ஜெர்சியில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த காயின் ஷோவுக்கு, அந்தத் தொடரின் முதல் நாணயமான ஹாட் ஸ்பிரிங்ஸ் 5 அவுன்ஸ் நாணயத்தைக் கொண்டுபோனேன். பெட்டி, கேப்ஸ்யூல், மின்ட் கொடுத்த சான்றிதழ் எல்லாம் அப்படியே இருந்தன. மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் பெட்டியைத் திறந்தார், நாணயத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார், போனில் ஸ்பாட் விலையை, அதாவது சந்தையில் அந்த நேரத்து வெள்ளி விலையைப் பார்த்தார், கால்குலேட்டரில் ஐந்தால் பெருக்கினார். "95 டாலர்." நான் கொடுத்தது 279 டாலர் 95 சென்ட். சான்றிதழைக் காட்டி, 27,000 மட்டும்தான் அடித்தார்கள் என்றேன். "அந்த 27,000-த்தில் இன்றைக்கு மட்டும் மூன்று இந்த மேசைக்கு வந்துவிட்டது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வந்தவருக்கெல்லாம் இதையே சொல்லிச் சொல்லி அலுத்துப்போன குரல். பெட்டியை வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இடமில்லை என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

விற்காமல் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். பிறகு இணைய ஏலத்தில் போட்டேன். 150 டாலர் சொச்சத்துக்குப் போனது. ஏலத் தளத்தின் கமிஷன், காப்பீட்டோடு தபால் செலவு போக 130 சொச்சம் கையில் வந்தது. ஆக, கடைக்காரர் சொன்னதைவிட 35 டாலர் அதிகம், நான் போட்டதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு.

இந்த நாணயம் வந்த விதத்தைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். 2008 டிசம்பரில் வந்த சட்டம் ஒன்று, தேசியப் பூங்காக்களையும் வரலாற்று இடங்களையும் கால் டாலர் நாணயங்களில் பொறிக்கச் சொன்னது. வருடத்துக்கு 5 வீதம் 2010 முதல் 2020 வரை, 2021-இல் கடைசியாக ஒன்று, மொத்தம் 56. அதே சட்டம், அதே கால் டாலரை 3 அங்குல விட்டத்தில், 5 அவுன்ஸ் சுத்த வெள்ளியிலும் அடிக்கச் சொன்னது. எடை 155.5 கிராம். உள்ளங்கையை நிறைக்கும் இந்த வட்டத்தின் மேல் 'கால் டாலர்' என்றே எழுதியிருக்கும். ஐஸ் ஹாக்கியில் அடிக்கும் வட்டான 'பக்' என்று இங்கே கேலியாகச் சொல்வார்கள். இதை அடிக்கவே ஜெர்மனியிலிருந்து தனி இயந்திரம் வரவழைக்க வேண்டியிருந்தது.

ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு வகை நாணயம் உண்டு. ஒன்று புல்லியன், அதாவது உலோக மதிப்புக்காக வாங்குவது: பளபளப்பானது, எந்த ஊர் மின்ட்டில் அடித்தது என்று காட்டும் மின்ட் குறி இல்லாதது, அங்கீகரிக்கப்பட்ட சில பெரிய டீலர்கள் வழியாக மட்டும் விற்பனைக்கு வந்தது. இன்னொன்று சேகரிப்பாளர்களுக்கானது: மங்கலான மணல்பூச்சு மாதிரி மேற்பரப்பு, 'பி' என்ற பிலடெல்பியா குறி, மின்ட்டே நேராக விற்றது. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

2010-இல் புல்லியனை ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் அடிப்பதாகத் திட்டம். இவ்வளவு பெரிய வட்டத்தை அடிப்பதில் சிக்கல் வந்து 33,000 ஆகக் குறைந்தது. அவ்வளவுதான், டிசம்பரில் ஊரே பற்றிக்கொண்டது. மின்ட் டீலர்களுக்குக் கொடுத்த விலை வெள்ளி விலைக்கு மேல் வெறும் 9 டாலர் 75 சென்ட். டீலர்கள் கேட்ட விலை அதற்குச் சம்பந்தமே இல்லாத உயரத்தில் இருந்தது. வாடிக்கையாளர்கள் கொதித்துப் போய்ப் புகார் செய்ய, மின்ட் விற்பனையை நிறுத்திவைத்துப் புது விதி போட்டது: வாங்கிய விலைக்கு மேல் 10 சதவீதம்தான் வைக்கலாம், ஒரு வீட்டுக்கு ஒரு வகையில் ஒன்றுதான். ரேஷன் கடை மாதிரி ஆகிவிட்டது. ரேஷன் என்றால் நமக்கெல்லாம் உடனே வேண்டும் என்று தோன்றுமே, அதேதான் இங்கேயும் நடந்தது.

அந்தச் சூடு ஆறுவதற்குள், 2011 ஏப்ரல் 28 அன்று ஹாட் ஸ்பிரிங்ஸின் 'பி' நாணயம் விற்பனைக்கு வந்தது. 27,000 மட்டும், விலை 279.95. தேதியைக் கவனியுங்கள். அந்த வாரம்தான் வெள்ளி அவுன்ஸுக்கு 50 டாலரைத் தொடுவதுபோல் ஏறி நின்றது. 1980 ஜனவரிக்குப் பிறகு அப்படி ஒரு உச்சம் வந்ததில்லை. ஐந்து அவுன்ஸ் வெள்ளியே 240 டாலருக்குப் பக்கம் இருந்ததால், 40 டாலர்தானே கூடுதல், லிமிடெட் எடிஷனுக்கு இது ஒன்றும் பெரிதில்லை என்று நானும் அன்றைக்கே ஆர்டர் போட்டேன். அடுத்த வாரம் வெள்ளி நாலில் ஒரு பங்கு விழுந்தது. 2013 கடைசியில் 20 டாலருக்குக் கீழே, 2015 கடைசியில் 14-க்கும் கீழே. அப்போது அந்த நாணயத்துக்குள் இருந்த வெள்ளி 70 டாலர்கூடப் பெறாது. இடையில் அதே மின்ட், அதே அளவு, அதே பூச்சோடு புது 'பி' நாணயங்களை 150 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது. புதியது 150-க்குக் கிடைக்கும்போது பழையதற்கு 280 கொடுக்க யாருக்குப் பைத்தியம்?

2025 அக்டோபரில் வெள்ளி மறுபடி 50 டாலரைத் தாண்டியதும், "பார்த்தீர்களா, பொறுத்திருந்தவனுக்கு வந்துவிட்டது" என்று சிலர் சொன்னார்கள். வந்தது உண்மைதான், பதினான்கு வருடம் கழித்து. 2011-இன் 280 டாலர் 2025-இல் ஏறத்தாழ 400 டாலருக்குச் சமம் என்ற கணக்கை அவர்கள் போடவில்லை. அப்புறம், வந்ததும் வெள்ளியால்தான், லிமிடெட் என்பதால் வரவில்லை. சாதாரண 5 அவுன்ஸ் கட்டி வாங்கி வைத்திருந்தாலும் இதேதான் வந்திருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய நாணயங்களின் பிரச்சினையே இதுதான். ஒரு நாணயத்துக்கு வெள்ளி விலைக்கு மேல் காசு கொடுப்பவர் யார்? பெரும்பாலும், தொடரைச் சேர்க்கும் ஆல்பத்தில் ஒரு குழி இன்னும் காலியாக இருப்பவர். அவருக்கு அந்த ஒன்று வேண்டும், வேறொன்று ஆகாது. சின்ன நாணயத்தில் இப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், பையனின் பாக்கெட் மணியிலேயே ஆல்பத்தை ஆரம்பித்துவிடலாம். 5 அவுன்ஸ் தொடர் 56-ஐயும் முடிக்க 280 அவுன்ஸ் வெள்ளி வேண்டும். அவுன்ஸ் 14 டாலராக இருக்கும்போது அது வெறும் உலோகமாகவே 3,920 டாலர். 50 டாலராகும்போது 14,000. வெள்ளி ஏற ஏற, தொடரை முடிக்கக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். அதாவது வெள்ளி ஏறும்போது உங்கள் நாணயத்தின் உலோக மதிப்பு கூடும், ஆனால் அதற்கு மேல் இருந்த சேகரிப்பு மதிப்பை அந்த ஏற்றமே விழுங்கிவிடும். கால் அவுன்ஸ் நாணயத்துக்கு இந்தக் கதி கிடையாது.

இனி, இதற்கு நேரெதிரான கதை. 2010, 2011-இல் சூடு பட்டவர்கள் பலர் 2012-இல் ஒதுங்கிவிட்டார்கள். அந்த வருடத்து ஹவாய் வல்கேனோஸ் 'பி' நாணயம் விற்றது 14,863 மட்டுமே. அது எந்த உச்சவரம்பும் வைத்து வந்த எண்ணிக்கை இல்லை. வாங்க ஆளில்லாமல் நின்றுபோன எண்ணிக்கை. ஹாட் ஸ்பிரிங்ஸை வாங்க அடித்துக்கொண்ட அதே கூட்டம் இதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சில வருடம் கழித்துத் தொடரைச் சேர்க்க வந்தவர்கள் ஹவாய் குழியை நிரப்பத் தேடினார்கள், கிடைக்கவில்லை. அதன் விலை வெள்ளி மதிப்பைப் பல மடங்கு தாண்டியது. விளம்பரத்தில் 'அபூர்வம்' என்று கத்திய நாணயம் மேசைக்கு மூன்று வந்தது. யாரும் சீந்தாமல் கிடந்தது அபூர்வமானது. நாணயச் சேகரிப்பில் இது திரும்பத் திரும்ப நடக்கிற கூத்து. அடிக்கும் நாளிலேயே எல்லோரும் பத்திரப்படுத்தினால் எல்லாமே பத்திரமாக இருக்கும், எல்லோரிடமும் இருக்கும்.

இப்போது கிலோ நாணயங்களுக்கு வருவோம். இதில் விளம்பர விலைக்கும் வெள்ளிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்பதற்கு 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்கு ராயல் மின்ட் வெளியிட்ட வெள்ளிக் கிலோ நல்ல உதாரணம். பிரிட்டனில் அதுவரை கிலோ நாணயம் கிடையாது. இதற்காகவே 2011-இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் போட்டார்கள். ஓவியர் டாம் ஃபிலிப்ஸ் வடிவமைத்தார். அதிகபட்சம் 2,912, முகமதிப்பு 500 பவுண்டு, விற்ற விலை 3,000 பவுண்டு. பார்க்க அழகானது, அதில் சந்தேகமில்லை. ஒரு கிலோவில் 32.15 அவுன்ஸ். அந்தச் சமயம் வெள்ளி அவுன்ஸ் 20 பவுண்டு வாக்கில் இருந்தது. ஆக உள்ளே 650 பவுண்டு வெள்ளி, மேலே 2,350 பவுண்டு செய்கூலி. வெள்ளி நாணயத்துக்கு பிரிட்டனில் 20 சதவீத வாட் வரி வேறு உண்டு. தங்கத்துக்கு விலக்கு, வெள்ளிக்கு இல்லை. வெள்ளியை மட்டும் வைத்து 3,000 திரும்பி வர வேண்டுமானால் அவுன்ஸ் 93 பவுண்டு ஆக வேண்டும். 2025 அக்டோபரில் வெள்ளி 50 டாலரைத் தாண்டி எல்லோரும் குதித்தபோதுகூட அது 40 பவுண்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

முகமதிப்பு காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். 500 பவுண்டு என்று ராணி தலைக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறதே! போட்டிருக்கிறது, ஆனால் வங்கியில் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். சட்டப்படி செல்லும் நாணயம் என்பதற்கும் வங்கி கவுண்டர் அதை வாங்கியாக வேண்டும் என்பதற்கும் சம்பந்தமில்லை. கனடாவில் இது இன்னும் வேடிக்கையாக நடந்தது. 2011 முதல் '20 டாலருக்கு 20 டாலர்' என்று சின்ன வெள்ளி நாணயங்களை முகமதிப்புக்கே விற்றார்கள். உள்ளே இருந்தது கால் அவுன்ஸ் வெள்ளி. வெள்ளி விழுந்தாலும் 20 டாலர் நிச்சயம் என்று நம்பிப் பலர் கட்டுக்கட்டாக வாங்கி வைத்தார்கள். பிறகு மாற்றப் போனால் பல வங்கிகள் கையை விரித்துவிட்டன. கனடாவின் வெள்ளிக் கிலோவில் 250 டாலர், ஆஸ்திரேலியக் கிலோவில் 30 டாலர் என்று முகமதிப்பு இருக்கிறது. இவையெல்லாம் அந்தந்த நாட்டுச் சட்டத்தில் இது நாணயம், மெடல் இல்லை என்று காட்டும் முத்திரைதான். வேறு வேலைக்கு உதவாது.

உங்கள் குக்கபரா கிலோ இந்த ஒலிம்பிக் கிலோவின் ஜாதி இல்லை. பெர்த் மின்ட் 1992 முதல் இதை அடிக்கிறது, வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம்தான் வைத்து விற்கும். யாரும் உங்களிடம் 'அபூர்வம்' என்று சொல்லி விற்கவில்லை, நீங்களும் அதற்காகக் காசு கொடுக்கவில்லை. அதனால் இழப்பதற்கும் ஒன்றுமில்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே, அந்த மாதிரி. நாளைக்கு உருக்கினாலும் 32 அவுன்ஸ் வெள்ளி இருக்கும். அதே மின்ட்டின், சீன ராசி விலங்குகளைப் பொறித்த இரண்டாவது லூனார் தொடரைப் பாருங்கள், 2008 முதல் 2019 வரை வந்தது. அதில் ஒரு அவுன்ஸ் நாணயத்துக்கு உச்சவரம்பு மூன்று லட்சம். கிலோ அதில் ஒரு சிறு பங்குதான் விற்றிருக்கும். ஆனால் வெள்ளி விலைக்கு மேல் நல்ல ப்ரீமியம் கிடைத்தது மூன்று லட்சம் அடித்த அந்த ஒரு அவுன்ஸுக்குத்தான். எண்ணிக்கை குறைவாக இருந்தால் மதிப்பு கூடும் என்று நம்புகிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இந்தத் தொடரைத்தான். மூன்று லட்சம் காசுக்கு நான்கு லட்சம் பேர் ஆசைப்பட்டால் விலை ஏறும். 500 காசுக்கு 300 பேர் ஆசைப்பட்டால் 200 காசு நிற்கும்.

அந்த "உலகம் முழுக்க 500" விளம்பரத்தை நான் பார்க்கவில்லை. இருந்தாலும் இந்த வகை எனக்குப் பழக்கம். நியூவே, குக் தீவுகள், பலாவ் என்று ஏதோ ஒரு பசிபிக் தீவின் பெயர் இருக்கும். அடித்தது ஐரோப்பாவில் ஏதாவது ஒரு நிறுவனமாக இருக்கும். அந்தத் தீவுக்காரர் யாரும் அந்த நாணயத்தைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார். உள்ளே கண்ணாடிக் கல் பதித்திருக்கும், விண்கல் துண்டு வைத்திருக்கும், கலர் அடித்திருக்கும். தொழில் நுணுக்கத்தில் சில அசத்தலானவை, சும்மா குறை சொல்லக்கூடாது. ஆனால் 500 என்பது அந்த ஒரு வடிவத்துக்கு மட்டும்தான். அதே படம் 1 அவுன்ஸில் 5,000, 5 அவுன்ஸில் 999, தங்க முலாம் பூசி ஒரு வகை, கறுப்பு ரோடியம் பூசி ஒரு வகை என்று இருக்கும். அடுத்த மாதம் வேறு படம், அதுவும் 500. நிரப்பக் குழியே இல்லாத தொடர் அது. அதற்கு இரண்டாவது ஆள் யார் என்று கேட்டுப் பாருங்கள். முதல் ஆளை விளம்பரம் பிடித்துக் கொடுத்தது. இரண்டாவது ஆளை நீங்கள்தான் பிடிக்க வேண்டும், உங்களுக்கு விளம்பரப் பட்ஜெட் கிடையாது.

பெயரில் மின்ட் என்று இருந்தாலே அரசாங்கம் என்று நினைத்துவிடுவதும் உண்டு. 1960, 70-களில் ஃபிராங்க்ளின் மின்ட் என்ற தனியார் நிறுவனம் மெடல் மெடலாக வெள்ளியில் லிமிடெட் எடிஷன் போட்டுத் தபால் வழியாக விற்றது. 1979-80-இல் டெக்சாஸ் எண்ணெய்ப் பணக்காரர்களான ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வளைத்துப்போட்டு விலை எகிறியபோது அதில் மலை மலையாக உலைக்குப் போனது. உருக்கப்பட்டு எண்ணிக்கை குறைந்ததே, மிச்சம் இருப்பது அபூர்வமாயிற்றா? இல்லை. இன்றைக்கும் எடைக்குத்தான் போகிறது.

சரி, பெரிய நாணயத்தில் செய்கூலியோடு சேர்த்துத் திரும்பி வந்ததே இல்லையா? இருக்கிறது. சீனாவின் பாண்டா. 1980-களில் 5 அவுன்ஸ், 12 அவுன்ஸ் வெள்ளிப் பாண்டாக்கள் வந்தபோது அவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும்தான். சீனாவில் அன்றைக்கு அந்தக் காசு கொடுக்க ஆளில்லை. இருபது வருடம் கழித்து அங்கே வசதி வந்தது. வசதி வந்தவர்கள் தங்கள் ஊர் நாணயத்தைத் திரும்ப வாங்க ஆரம்பித்தார்கள். வாங்கியபோது இல்லாத ஒரு கூட்டம் பிறகு பிறந்து வந்ததால் விலை ஏறியது. இது எல்லா நாட்டுக்கும் நடக்காது. அதுவும் பாண்டாவிலேயே 2000-களுக்குப் பிறகு வந்த கிலோக்களில் எல்லாம் இந்த அதிர்ஷ்டம் இல்லை, போலிகளும் ஏராளம். மெக்சிகோவின் லிபர்டாட் என்ற வெள்ளி நாணயத்தையும் சொல்லலாம். அதற்கு முகமதிப்பே கிடையாது, 5 அவுன்ஸிலும் கிலோவிலும் குறைவாகவே அடிப்பார்கள், 'அபூர்வம்' என்ற கூச்சலும் இல்லை. வருடாவருடம் ஒன்று விடாமல் சேர்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவ்வளவுதான் அதன் ரகசியம்.

வாங்கியதை வைத்திருப்பதிலும் பெரிய நாணயம் ஒரு தொல்லை. ஒரு அவுன்ஸில் கடுகளவு புள்ளி விழுந்தால் கண்ணில் படாது. 10 சென்டிமீட்டர் அகலக் கிலோவில், அதுவும் கண்ணாடி மாதிரி மினுக்கும் வெறும் பரப்பில் விழுந்தால், நாணயத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சுத்த வெள்ளியில் 'மில்க் ஸ்பாட்' என்று பால் சிந்தின மாதிரி வெள்ளைத் திட்டு வரும். எந்த மின்ட்டுக்கும் இதிலிருந்து விடுதலை இல்லை. கனடா மின்ட் 2018-இல் மேப்பிள் லீஃப் நாணயத்துக்கு ஒரு மேற்பரப்புப் பாதுகாப்பு முறையையே கொண்டுவந்தது. உங்களுடையதில் திட்டு இருந்தால் விட்டுவிடுங்கள். பல்பொடி, திருநீறு, புளி, வெள்ளி சுத்தம் செய்யும் டிப் திரவம் எதையும் தொடாதீர்கள். குத்துவிளக்கு தேய்க்கிற கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலேயே ஒரு குக்கபரா அப்படி அநியாயமாகப் போனது. தேய்த்த நாணயத்துக்கு வெள்ளி விலைக்கு மேல் ஒரு சென்ட்டும் கிடையாது.

ஸ்லாப் பற்றியும் ஒரு வார்த்தை. பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற இரண்டு நிறுவனங்கள் நாணயத்துக்கு 70-க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுப் பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருகின்றன. 69-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசத்தை நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் பல முறை தோற்றிருக்கிறேன். விலை மட்டும் எங்கேயோ போகும். 'எர்லி ரிலீஸ்' என்று லேபிளில் இருப்பதற்குத் தனிக் காசு கேட்பார்கள். நாணயம் ஒன்றுதான், தபாலில் சீக்கிரம் போனது என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. ஒரே விதிவிலக்காக நான் மதிப்பது, ஆரம்ப வருடத்து 5 அவுன்ஸ் புல்லியனில் சில நாணயங்கள் ஆழ்ந்த கண்ணாடிப் பளபளப்போடு வந்தன. அப்படிக் குறிப்பிட்டு ஸ்லாப்பில் இருந்தால் அதற்கென்று தேடுகிறவர்கள் உண்டு. உங்களுடையவை மின்ட்டிடம் நேராக வாங்கியவை என்பதால் அவற்றுக்கு இது பொருந்தாது.

இப்போது உங்கள் எட்டு நாணயத்துக்கு வருகிறேன்.

2010-இன் ஐந்தையும் ஒரே செட்டாக வையுங்கள், உதிரியாக விற்காதீர்கள். ஹாட் ஸ்பிரிங்ஸ், யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன், மவுண்ட் ஹூட் என்று பெட்டியும் சான்றிதழும் சேர்ந்து முழு வருடமாக இருந்தால், தொடரை ஆரம்பிக்கிற ஒருவர் வாங்க வாய்ப்பிருக்கிறது. காயின் ஷோவிலோ, சேகரிப்பாளர்கள் ஒருவருக்கொருவர் விற்கும் இடத்திலோ கொடுங்கள். தெருமுனைக் கடையில் எடைக்குத்தான் கேட்பார்கள். வெள்ளி தாறுமாறாக ஏறுகிற வாரங்களில் ஸ்பாட்டுக்கும் கீழே கேட்பார்கள், ஏனென்றால் அவர்கள் உருக்கக் கொடுக்கும் இடத்திலேயே வரிசை நிற்கும். அந்த வாரங்களில் போகாதீர்கள். செய்தியில் வெள்ளி வரும் நாளில் ஊரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகும்.

குக்கபராவை எடைப் பொருளாகவே பாருங்கள். பணம் தேவைப்படும் அன்று விற்கலாம், அதுவரை கேப்ஸ்யூலை விட்டு வெளியே எடுக்க வேண்டாம். ஒரு கிலோவைத் தபாலில் அனுப்பும்போது காப்பீட்டுச் செலவு சுருக்கென்று இருக்கும், அதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் எடை போட்டுப் பார்ப்பார், வலுவான காந்தத்தை மேலே சரியவிட்டுப் பார்ப்பார்; நல்ல வெள்ளியில் அது மெதுவாக வழுக்கும். சந்தேகப்படுகிறாரே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், பெரிய நாணயங்களில் போலி அதிகம். லாபத்தில் விற்றால் வரியும் உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வெள்ளி நாணயத்தை அமெரிக்க வருமான வரிச் சட்டம் 'கலெக்டிபிள்' என்று வகைப்படுத்துகிறது, உச்ச விகிதம் 28 சதவீதம். பழைய ரசீதுகள் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். 2011-இல் 280 கொடுத்ததற்கான அத்தாட்சி இப்போதுதான் உதவப்போகிறது.

500 மட்டுமே என்ற அந்தக் கிலோவை அழகுக்காக வாங்குகிறீர்கள் என்றால் வாங்குங்கள், மேசை மேல் வைத்துப் பாருங்கள், நான் தடுக்கமாட்டேன். மதிப்புக்காக என்றால் வேண்டாம். விலையை எடுத்து 32.15-ஆல் வகுத்துப் பாருங்கள். வருகிற எண் அன்றைய அவுன்ஸ் விலையைப்போல் ஒன்றேகால் மடங்குக்கு மேல் இருந்தால் மின்னஞ்சலை அழித்துவிடுங்கள். அந்த ஒன்றேகால் என் சொந்தக் கணக்கு. இன்னும் கறாராக இருக்கிறவர்களும் உண்டு.

மிச்சம் இருப்பது 2012-இல் வாங்கிய இரண்டு. எந்த இடத்துக்கானவை என்று நீங்கள் எழுதவில்லை. அந்த வருடத்து ஐந்தில் எல் யுங்க்கே, சாக்கோ கல்ச்சர், அக்கேடியா, டெனாலி போக ஐந்தாவது ஹவாய் வல்கேனோஸ். எரிமலை வெடித்துக் குழம்பு பீறிடுகிற படம் பின்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முன்பக்கம் திருப்பி, வாஷிங்டனின் பின்னல் சடைக்குப் பக்கத்தில், வாசகத்துக்குக் கீழே சின்னதாக 'பி' இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள். பெட்டியோடு மின்ட்டிடமே வாங்கியதென்றால் இருக்க வேண்டும். இருந்தால் அதை எந்தக் கடைக்கும் எடுத்துப் போகாதீர்கள், முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.